கனகா ஏன் முதலில் வந்தாள்? – முன்னிருப்புகளின் கதை

போன மாசம் எங்கள் சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்கு மாணவர் பட்டியல் தயார் பண்ணும் வேலை என் தலையில் விழுந்தது. வாரம் ஐந்து நாள் ஆபீசில் ஆணி பிடுங்குகிறவனுக்குச் சனிக்கிழமையும் ஆணிதான். கம்ப்யூட்டர் ஆள் என்று தெரிந்தால் பிரிண்டர் ரிப்பேர் முதல் பூப்புனித நீராட்டு விழாப் பத்திரிகை வரை நம்மிடம் தள்ளிவிடுவார்கள். வெளிநாட்டில் இருக்கும் உங்களுக்கு இதையெல்லாம் சொல்லியா தெரிய வேண்டும்?

ஜாவாவில் இருபது வரி எழுதினேன். பெயர்களைப் படி, வரிசைப்படுத்து, அச்சிடு. அவ்வளவுதான். பட்டியலைக் கதவில் ஒட்டிவிட்டுக் காப்பி குடிக்கப் போனேன். திரும்பி வந்தால் ஆசிரியை அக்கா இடுப்பில் கையை வைத்துக்கொண்டு நிற்கிறார்.

"ஏன் தம்பி, க, ங, ச, ஞ-ன்னு ஆரம்பிச்சு ழ, ள, ற, ன-ன்னு முடியும்னு புள்ளைங்களுக்கு நான் நாலு வாரமா சொல்லிக் குடுக்கிறேன். நீங்க இங்க தலைகீழா ஒட்டி வச்சிருக்கீங்களே?"

பார்த்தேன். கனகா, கமலா, கலா, கவிதா என்று இருந்தது. (பெயர்களை மாற்றியிருக்கிறேன். இந்தக் காலத்துக் குழந்தைகளுக்குக் கனகா, கமலா என்று யார் பெயர் வைக்கிறார்கள்!) நம் அகரவரிசைப்படி கமலா, கலா, கவிதா, அப்புறம் கடைசியாகத்தான் கனகா வர வேண்டும். னகரம் மெய்களில் பதினெட்டாவது. என் நிரல் அவளைத் தூக்கி முதல் வரிசையில் உட்கார வைத்திருந்தது.

எப்படி வரிசைப்படுத்த வேண்டும் என்று நான் நிரலுக்குச் சொல்லவே இல்லை. நான் சொல்லாததால் யாரோ எப்போதோ எழுதி வைத்த ஒரு பதில் எனக்காகப் பேசிவிட்டது. இதைத்தான் டிஃபால்ட் என்கிறோம். தமிழில் முன்னிருப்பு. வாயைத் திறக்காதவனுக்காக ஏற்கெனவே எழுதி வைக்கப்பட்ட பதில்.

அன்றிலிருந்து இதே யோசனை. கணினி மொழிகளை வடிவமைத்தவர்கள் இந்த முன்னிருப்பு என்ற சமாச்சாரத்தோடு நாற்பது வருஷத்துக்கு மேல் மல்லுக்கட்டியிருக்கிறார்கள். அந்த வரலாற்றைப் பொட்டி தட்டாதவர்களுக்கும் புரிகிற மாதிரி எழுதிப் பார்க்கலாம் என்று ஆசை. அதற்கு முன்னால் கொஞ்சம் கொசுவத்தி சுற்றிக்கொள்கிறேன்.

*

எனக்குச் சொந்த ஊர் கொழிஞ்சாம்பாறை. பொள்ளாச்சிக்காரர்களைக் கேட்டால் "அது கேரளாங்க" என்பார்கள். திருச்சூர்க்காரர்களைக் கேட்டால் "அவிடெ தமிழரல்லே" என்பார்கள். 1956 நவம்பர் 1-ஆம் தேதி மொழிவாரி மாநிலங்கள் பிறந்தபோது நாங்கள் தமிழ்நாட்டிலிருந்து பிரிந்து போனோம் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. பாலக்காடு நகரம் சென்னை மாகாணத்து மலபாரில் இருந்தது. எங்கள் சித்தூர் தாலுகா கொச்சி சமஸ்தானத்தைச் சேர்ந்தது. மன்னர் ஆட்சிக் காலத்திலிருந்தே கடைத்தெரு தமிழ், கச்சேரி மலையாளம் என்று பழகிப்போன மண்.

1980களின் கடைசியில் நான் எட்டாவது படித்துக்கொண்டிருந்தேன். நில வரி ரசீதில் எங்கள் அப்பாரு பெயரை (அப்பாவின் அப்பாவை நாங்கள் அப்படித்தான் கூப்பிடுவோம்) தப்பாக எழுதிவிட்டார்கள். திருத்தித் தரச் சொல்லித் தமிழில் ஒரு மனு எழுதிக்கொண்டு போனார். கூட நானும் போனேன். எந்த அலுவலகம் என்பது இங்கே வேண்டாம். மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தவர் நல்ல மனிதர்தான். எங்களிடம் தமிழில்தான் பேசினார். ஆனால் மனுவைப் பார்த்ததும், மலையாளத்தில் எழுதிக் கொண்டுவரச் சொல்லிவிட்டார்.

அப்பாரு நேராக வாத்தியார் வீட்டுக்குப் போனார். வாத்தியார் ஒரு பழைய தாளை எடுத்துக் காட்டினார். கேரளம் 1969-ல் இயற்றிய ஆட்சிமொழிச் சட்டம். மலையாளமும் ஆங்கிலமும் ஆட்சிமொழிகள் என்று சொன்ன அதே சட்டம், மூன்றாம் பிரிவில் ஒன்றை எழுதி வைத்திருந்தது. தமிழ், கன்னடச் சிறுபான்மையினர் தலைமைச் செயலகத்தோடும் துறைத் தலைவர்களோடும் தங்கள் மொழியிலேயே கடிதப் போக்குவரத்து வைத்துக்கொள்ளலாம். சிறுபான்மைப் பகுதி என்று அரசு அறிவித்த இடங்களில் உள்ளூர் அலுவலகங்களோடும் அப்படியே செய்யலாம். பதிலும் அதே மொழியில் வர வேண்டும்.

மறுநாள் அப்பாரு மறுபடி போனார். இந்தத் தடவை மனுவோடு சட்டப் பிரிவின் எண்ணையும் எழுதிக் கொடுத்தார். வாங்கிக்கொண்டார்கள். சில மாசம் கழித்துக் கையால் எழுதிய தமிழில் பதில் வந்தது. அந்தத் தாளைச் சாகிற வரை டிரங்குப் பெட்டியில் வைத்திருந்தார்.

இந்தக் கதையை இங்கே ஆணியடித்து மாட்டி வைக்கிறேன். கடைசியில் எடுத்துக்கொள்ளலாம்.

*

கணினி மொழிகளில் ஒப்பந்தம் என்று ஒன்று உண்டு. ஜாவாவில் இன்டர்ஃபேஸ், ஸ்விஃப்டில் புரோட்டோகால், ரஸ்ட்டில் டிரெய்ட், ஹாஸ்கெலில் டைப் கிளாஸ் என்று வேறு வேறு பெயர். விஷயம் ஏறத்தாழ ஒன்று. "பட்டியல் என்று சொல்லிக்கொள்கிற எதுவும் இன்னின்ன வேலைகளைச் செய்ய வேண்டும்: ஒன்றைச் சேர், ஒன்றை எடு, எத்தனை இருக்கிறது என்று சொல்." எப்படிச் செய்வது என்பது ஒப்பந்தத்தில் இருக்காது. கையெழுத்துப் போடுகிறவன் பாடு அது.

பிராட் காக்ஸும் டாம் லவ்வும் 1980களின் தொடக்கத்தில் உருவாக்கிய ஆப்ஜெக்டிவ் சி மொழியில், பின்னால் நெக்ஸ்ட் நிறுவனம் புரோட்டோகால் என்ற பெயரில் இந்த ஏற்பாட்டைச் சேர்த்தது. 1995-ல் அறிமுகமான ஜாவா அங்கிருந்துதான் இன்டர்ஃபேஸை எடுத்துக்கொண்டது. வெறும் வாக்குறுதி மட்டும், உள்ளே ஒரு வரி நிரல்கூடக் கூடாது என்று கறாராக இருந்தார்கள்.

அந்தக் கறாருக்குக் காரணம் சி பிளஸ் பிளஸ். 1989-ல் வந்த அதன் 2.0 பதிப்பு, ஒரு வகை இரண்டு பெற்றோரிடமிருந்து நிரலைச் சொத்தாகப் பெறலாம் என்று அனுமதித்தது. இதில் ஒரு சிக்கல். நம் பக்கத்து முறைமாப்பிள்ளைக் கல்யாணத்தை நினைத்துக்கொள்ளுங்கள். பிறக்கிற பிள்ளைக்கு அப்பா வழியில் போனாலும் அம்மா வழியில் போனாலும் அதே கொள்ளுத்தாத்தா. அவருடைய தோப்பு இரண்டு வழியாகவும் வருகிறது. அது ஒரு தோப்பா, இரண்டா? அப்பா வீட்டில் தென்னையை வெட்டிவிட்டுக் கரும்பு போட்டார்கள், அம்மா வீட்டில் வாழை போட்டார்கள் என்றால் பிள்ளைக்குக் கிடைப்பது எது? நிரலாளர்கள் இதை வைரச் சிக்கல் என்பார்கள். குடும்ப மரத்தை வரைந்தால் வைர வடிவில் வரும். அந்தத் தலைவலியே வேண்டாம் என்றுதான் ஜாவா, ஒப்பந்தம் எத்தனை வேண்டுமானாலும் இருக்கலாம், சொத்து ஒரே ஒரு பெற்றோரிடமிருந்துதான் என்று முடிவு பண்ணியது.

நல்ல முடிவுதான். ஆனால் அதற்கு ஒரு விலை இருந்தது. அது தெரிய வருஷங்கள் ஆயின.

1998 டிசம்பரில் ஜாவா 1.2 வந்தது. ஜோஷுவா பிளாக் தலைமையில் வடிவமைத்த கலெக்‌ஷன்ஸ் தொகுப்பு அதில்தான் முதலில் இடம்பெற்றது. பட்டியல், கணம், அகராதி என்று எல்லாவற்றுக்கும் ஒப்பந்தம். உலகம் முழுக்க நிரலாளர்கள் அந்த ஒப்பந்தங்களில் கையெழுத்துப் போட்டுத் தங்கள் சொந்தப் பட்டியல்களை எழுதினார்கள். இப்போது பட்டியல் ஒப்பந்தத்தில் ஒரே ஒரு புதிய வேலையைச் சேர்க்க வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். என்ன ஆகும்? ஏற்கெனவே கையெழுத்துப் போட்ட அத்தனை பேரும் ஒரே ராத்திரியில் வாக்குத் தவறியவர்கள் ஆகிவிடுவார்கள். நிரலை மறுபடி தொகுக்கப் போனால் பிழை. பழையபடியே ஓடவிட்டாலும், புது வேலையை யாராவது கேட்கிற நிமிஷத்தில் நிரல் விழுந்துவிடும்.

அதனால் ஒப்பந்தத்தில் கைவைக்கத் தயங்கினார்கள். பட்டியலை வரிசைப்படுத்தும் வேலை பட்டியலுக்குள் இல்லை. பக்கத்திலேயே ஒரு தனிக் கொட்டகை போட்டு அதில் வைத்திருந்தார்கள். பதினைந்து வருஷத்துக்கு மேல் அது அங்கேயே கிடந்தது.

*

இந்தச் சிக்கலுக்கு வேறு இடங்களில் மருந்து ஏற்கெனவே இருந்தது.

1970களின் இறுதியில் எம்ஐடியில், லிஸ்ப் இயந்திரங்களுக்காக ஃபிளேவர்ஸ் என்ற ஏற்பாட்டை உருவாக்கினார்கள். சின்னச் சின்னச் செயல் துண்டுகளை எழுதி வைத்துக்கொண்டு, வேண்டிய வகையோடு கலந்துகொள்ளலாம். பக்கத்து ஊரில் ஐஸ்கிரீமோடு முந்திரி, பிஸ்கட் எல்லாம் பிசைந்து தரும் ஸ்டீவ்ஸ் என்ற கடை ஒன்று இருந்தது. அங்கிருந்துதான் மிக்ஸின் என்ற பெயர் வந்தது என்பார்கள்.

1989-ல் ஃபிலிப் வாட்லரும் ஸ்டீஃபன் பிளாட்டும் எழுதிய ஒரு கட்டுரை டைப் கிளாஸ் என்ற யோசனையைக் கொண்டுவந்தது. ஹாஸ்கெல் மொழி அதன் மேல் எழுந்தது. அதில் ஒப்பந்தத்துக்குள்ளேயே முன்னிருப்பை எழுதலாம். அழகான உதாரணம் சமத்துவம். "இரண்டும் சமமா?" என்று ஒரு கேள்வி, "இரண்டும் வேறா?" என்று இன்னொன்று. ஹாஸ்கெல் 98 வரையறையில் ஒவ்வொன்றுக்கும் மற்றதன் எதிர்மறைதான் முன்னிருப்பு. ஆகவே கையெழுத்துப் போடுகிறவன் ஏதாவது ஒன்றை மட்டும் எழுதினால் போதும், மற்றது தானாகக் கிடைக்கும்.

இரண்டையும் எழுதாமல் விட்டால்? சமமா என்று கேட்டால், வேறா என்பதைப் போய்க் கேட்கும். அது திரும்ப வந்து சமமா என்று கேட்கும். மாமியார் மருமகளைக் கேள் என்பதும், மருமகள் மாமியாரைக் கேள் என்பதுமாகச் சாயங்காலம் வரை சமையல் ஆகாது :-) அதனால்தான் குறைந்தபட்சம் எதையெல்லாம் எழுத வேண்டும் என்று ஆவணத்திலேயே குறிப்பிடும் பழக்கம் அங்கே வந்தது.

2003-ல் ஷேர்லி, டுக்காஸ், நியர்ஸ்ட்ராஸ், பிளாக் என்று நான்கு பேர் டிரெய்ட் பற்றி ஒரு கட்டுரை எழுதினார்கள். அதில் ஒரு விதி எனக்கு மிகவும் பிடித்தது. இரண்டு பக்கத்திலிருந்தும் ஒரே பெயரில் வேறு வேறு நிரல் வந்தால், மொழி தானாக ஒன்றைத் தேர்ந்தெடுக்கக் கூடாது. பெற்றுக்கொள்கிறவனே எது வேண்டும் என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். தோப்பில் கரும்பா வாழையா என்பதைப் பிள்ளையே சொல்லட்டும் என்று பொருள்.

*

இப்போது பெரிய மொழிகளுக்கு வருவோம். இரண்டு கட்சிகள் உருவாயின.

முதல் கட்சி சி ஷார்ப். 2007 நவம்பரில் வந்த அதன் 3.0 பதிப்பில் நீட்சிச் செயல்கள் வந்தன. ஒப்பந்தத்தைத் தொடவே வேண்டாம், வெளியிலிருந்து ஒரு செயலை எழுதி, அது பட்டியலுக்குள்ளேயே இருப்பது போலக் கூப்பிட்டுக்கொள்ளலாம். தரவுகளைச் சலிக்கவும் உருமாற்றவும் உதவும் லிங்க் என்ற வசதி முழுக்க இதன் மேல்தான் நின்றது. ஏற்கெனவே கையெழுத்துப் போட்டவர்கள் யாருக்கும் எந்தத் தொந்தரவும் இல்லை.

ஆனால் எந்தச் செயல் ஓடும் என்பது நிரலைத் தொகுக்கும்போதே முடிவாகிவிடும். உள்ளே இருக்கும் உண்மையான பொருள் யார் என்று யாரும் பார்ப்பதில்லை. "இதே வேலையை நான் பத்து மடங்கு வேகமாகச் செய்வேனே" என்று உங்கள் சொந்தப் பட்டியல் கத்தினாலும், ஒப்பந்தத்தின் வழியாக வருகிறவனுக்கு அது கேட்காது.

இரண்டாவது கட்சி ஜாவா. லாம்டா எனும் புதிய வசதியைக் கொண்டுவரும்போது பழைய கலெக்‌ஷன்ஸ் ஒப்பந்தங்களை விரித்தே தீர வேண்டிய கட்டாயம் வந்தது. பிரையன் கெட்ஸ் தலைமையிலான குழு சி ஷார்ப் வழியைப் பார்த்துவிட்டு, வேண்டாம் என்று முடிவு செய்தது. 2014 மார்ச் 18-ல் வெளிவந்த ஜாவா 8-ல் ஒப்பந்தத்துக்குள்ளேயே முன்னிருப்புச் செயல் எழுத இடம் கொடுத்தார்கள். வெளியே கொட்டகையில் கிடந்த வரிசைப்படுத்தும் வேலை கடைசியில் வீட்டுக்குள் வந்தது.

வைரச் சிக்கலுக்கு மூன்று விதி. ஒன்று, வகை தானே எழுதியது எப்போதும் ஜெயிக்கும். இரண்டு, அப்படி இல்லையென்றால் இன்னும் நெருங்கிய ஒப்பந்தம் ஜெயிக்கும். மூன்று, அதுவும் தீர்க்காவிட்டால் தொகுப்பான் நிறுத்தி, நீயே சொல் என்று கேட்கும். 2003 கட்டுரையின் வாசனை இதில் அடிக்கிறது, இல்லையா?

இதன் பயன் என்ன என்பதற்கு ஓர் உதாரணம். ஜாவாவில் 'காப்பி ஆன் ரைட்' என்று ஒரு பட்டியல் உண்டு. மாற்றம் செய்யும் ஒவ்வொரு தடவையும் முழுப் பட்டியலையும் நகலெடுக்கும். பல இழைகள் ஒரே நேரத்தில் படிக்கிற இடங்களுக்கானது. கொட்டகையில் இருந்த பழைய வரிசைப்படுத்தல், பட்டியலில் நடந்துபோய் ஒவ்வோர் இடத்திலும் புது மதிப்பை எழுதும். இந்தப் பட்டியலோ அப்படி நடந்துபோகும்போது எழுத விடாது. ஆகவே ஜாவா 7 வரை இதை வரிசைப்படுத்தப் போனால் பிழைதான். ஜாவா 8-ல் வரிசைப்படுத்தல் ஒப்பந்தத்துக்குள் வந்தவுடன், இந்தப் பட்டியல் தன் இயல்புக்கு ஏற்றபடி அதைத் தானே எழுதிக்கொண்டது. யார் கூப்பிட்டாலும் அதன் குரல்தான் கேட்கும். அதுவரை ஊமையாக இருந்தது பேச ஆரம்பித்தது.

சி ஷார்ப்பும் 2019 செப்டம்பரில் 8.0 பதிப்பில் ஒப்பந்தத்துக்குள் முன்னிருப்பை அனுமதித்தது. பன்னிரண்டு வருஷம் கழித்து.

*

இரண்டு கட்சியையும் ஒரே வீட்டில் குடிவைத்தது ஸ்விஃப்ட். 2014-ல் ஆப்பிள் அறிமுகப்படுத்திய மொழி. 2015 ஜூனில் அதன் இரண்டாம் பதிப்பை அறிவித்தபோது டேவ் ஆப்ரஹாம்ஸ் ஒரு பேருரை நிகழ்த்தினார். பரம்பரைச் சொத்தை நம்பாதீர்கள், ஒப்பந்தங்களை வைத்து வடிவமையுங்கள் என்பது சாரம். அந்தப் பதிப்பில் வந்த புரோட்டோகால் நீட்சிதான் அதற்கான கருவி.

இங்கேதான் நான் பல நாள் மண்டையை உடைத்துக்கொண்ட இடம் வருகிறது. மெதுவாகப் படியுங்கள்.

'மனிதர்' என்று ஓர் ஒப்பந்தம். அதன் நீட்சியில் 'வரவேற்பு' என்று ஒரு செயல், முன்னிருப்பாக "ஹலோ" சொல்லும். 'கொழிஞ்சாம்பாறைக்காரர்' என்று ஒரு வகை அந்த ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுகிறது. ஆனால் வரவேற்பைத் தானே எழுதிக்கொண்டு "வாங்க" என்று சொல்கிறது.

என்னைக் கொழிஞ்சாம்பாறைக்காரர் என்று தெரிந்தவர் கூப்பிட்டால் "வாங்க" வரும். சந்தேகமே இல்லை. ஆனால் என்னை வெறும் 'மனிதர்' என்று மட்டும் தெரிந்த ஒருவர் கூப்பிட்டால்?

பதில் ஒரே ஒரு வரியைப் பொறுத்தது. 'வரவேற்பு' என்ற தேவை ஒப்பந்தத்தின் மூல வாசகத்திலேயே அறிவிக்கப்பட்டிருந்தால் அங்கேயும் "வாங்க"தான். மூலத்தில் இல்லாமல் நீட்சியில் மட்டும் இருந்தால் "ஹலோ". நான் எழுதியது அப்படியே இருக்கும், ஆனால் யாரும் அதைக் கேட்க மாட்டார்கள். பிழைச் செய்தி கிடையாது. எச்சரிக்கை கிடையாது.

இதற்கு நியாயம் இல்லாமல் இல்லை. நீட்சியில் மட்டும் இருப்பதை யாரும் மாற்ற முடியாது என்று தெரிந்தால் தொகுப்பான் அதை வேகமாக ஓட வைக்கலாம். எழுதியவருக்கும் தன் செயல் தான் நினைத்தபடியே நடக்கும் என்ற உறுதி கிடைக்கும். ஆக, எதை மூலத்தில் அறிவிப்பது, எதை நீட்சியில் மட்டும் வைப்பது என்பது வடிவமைப்பவர் எடுக்கும் முடிவு. இந்த இடத்தில் மற்றவர்கள் தங்கள் குரலில் பேசலாம், இந்த இடத்தில் பேசக் கூடாது என்று கோடு கிழிப்பது அது.

கோடு இருப்பது தெரியாமல் போனால் என்ன ஆகும் என்பதற்குப் பக்கத்தில் நடந்த ஒரு சம்பவம். கோட்லின் மொழியில் பட்டியலின் முதல் உறுப்பை நீக்கும் 'ரிமூவ்ஃபர்ஸ்ட்' என்ற நீட்சிச் செயல் இருந்தது. 2023 செப்டம்பரில் ஜாவா 21 அதே பெயரில் ஒரு முன்னிருப்புச் செயலைப் பட்டியல் ஒப்பந்தத்துக்குள்ளேயே சேர்த்தது. கோட்லின் விதிப்படி உள்ளே இருப்பது வெளியே இருக்கும் நீட்சியை எப்போதும் ஜெயிக்கும். 2024-ல் ஆண்ட்ராய்டு 15 இந்த மாற்றத்தை எடுத்துக்கொண்டது. விளைவு? ஓர் எழுத்தைக்கூட மாற்றாத நிரலைப் புது ஆண்ட்ராய்டுக் கருவிகளோடு தொகுத்தால், அதே வரி வேறு ஒன்றைக் கூப்பிட ஆரம்பித்தது. பழைய ஆண்ட்ராய்டு 14 போன்களில் அந்தச் செயல் இல்லை. செயலி விழுந்தது. ஒவ்வொரு முடிவும் தனித்தனியே சரிதான். ஆனால் யார் குரல் ஜெயிக்கும் என்பது நிரலாளருக்குத் தெரியாமலே மாறிவிட்டது.

*

கனகாவுக்கு வருவோம்.

இந்திய அரசு 1988-ல் இஸ்கி என்ற குறியீட்டு முறையை வகுத்தது. அது 1991-ல் இந்தியத் தர நிர்ணயமாகவும் ஆனது. எல்லா இந்திய எழுத்துகளுக்கும் பொதுவான ஒரே கட்டம். அதே 1991-ல் வந்த யூனிகோடு அந்த 1988 கட்டத்தைப் பின்பற்றி, தேவநாகரி முதல் மலையாளம் வரை ஒன்பது எழுத்து முறைகளுக்கும் தலா 128 இடம் ஒதுக்கியது. தேவநாகரியில் க இருக்கும் அதே வரிசை இடத்தில்தான் தமிழிலும் க. தமிழில் இல்லாத வர்க்க எழுத்துகளுக்கு வெற்றுக் கட்டங்கள். தேவநாகரியில் இல்லாத நம் ன, ற, ழ மூன்றையும் அவற்றின் ஜாடையில் இருக்கும் எழுத்துகளுக்குப் பக்கத்தில் செருகினார்கள். ந-வுக்கு அடுத்து ன, ர-வுக்கு அடுத்து ற, ள-வுக்கு அடுத்து ழ.

ஒன்பது எழுத்துகளுக்கும் ஒரே முன்னிருப்பு. அதில் ஒரு வசதி இருந்தது, மறுக்கவில்லை. ஆனால் ஜாவாவில் இரண்டு சொற்களை ஒப்பிடும் முன்னிருப்பு இந்தக் கட்ட எண்களைத்தான் பார்க்கிறது. ன-வின் எண் ம-வுக்கு முன்னால். ஆகவே கனகா முதலில்.

யூனிகோடுகாரர்களே கட்ட எண் வேறு, அகரவரிசை வேறு என்று தெளிவாகச் சொல்லி, வரிசைப்படுத்த ஒரு தனி நெறியையும் தந்திருக்கிறார்கள். அதைச் செயல்படுத்தும் ஐசியு நூலகத்தை எடுத்து, தமிழ் வரிசை என்று ஒரு வரி சேர்த்தேன். கமலா, கலா, கவிதா, கனகா. முடிந்தது கதை.

அந்த ஒரு வரி ஏன் போதுமானதாக இருந்தது தெரியுமா? வரிசைப்படுத்தும் செயலை 1998-ல் எழுதியவர்கள், ஒப்பிடும் விதியைக் கூப்பிடுகிறவரே கொடுக்கலாம் என்று ஓர் இடம் விட்டு வைத்திருந்தார்கள். அவர்களுக்கு னகரம் தெரிந்திருக்க வேண்டிய அவசியமில்லை. தங்களுக்குத் தெரியாத ஒரு வரிசை உலகில் இருக்கலாம் என்பது தெரிந்திருந்தது. அது போதும்.

*

ஆணியில் மாட்டி வைத்த அப்பாரு கதையை இப்போது எடுக்கிறேன்.

எங்கள் தெருவில், கடையில், பேருந்தில் எல்லாம் தமிழ்தான். அங்கே எங்களைக் கொழிஞ்சாம்பாறைக்காரர் என்று தெரியும். அந்த மேசைக்கு முன்னால் போனபோது அப்பாரு வெறும் 'மனுதாரர்' ஆனார். மனுதாரருக்கான முன்னிருப்பு மலையாளம். மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தவர் தமிழ் பேசினார், சிரித்தார், நாற்காலி போட்டார். அதெல்லாம் நீட்சி. மூல வாசகத்தில் ஒரு வரி இருந்ததால்தான் அப்பாருவின் தமிழ் அந்தத் தாளுக்குள் போக முடிந்தது. அதுவும், பகுதி அறிவிக்கப்பட்டிருக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு.

மலையாளம் முன்னிருப்பாக இருந்ததில் எங்களுக்குக் கோபம் இல்லை. கேரளத்தில் வேறு என்ன இருக்கும்? முன்னிருப்பு இல்லாமல் எந்த மொழியும் நடக்காது, எந்த அரசும் நடக்காது. அதை மாற்றிக்கொள்ளும் இடம் ஒப்பந்தத்தில் எழுதியிருக்கிறதா, அல்லது மேசையில் இருப்பவரின் நல்ல மனசில் மட்டும் இருக்கிறதா என்பதுதான் எங்களுக்கு முக்கியமாக இருந்தது. நல்ல மனசுக்காரர் மாற்றலாகிப் போய்விடுவார்.

போன சனிக்கிழமை திருத்திய பட்டியலை ஒட்டினேன். ஆசிரியை அக்கா ஒரு தடவை மேலிருந்து கீழ் வரை விரலை ஓட்டிப் பார்த்துவிட்டுத் தலையாட்டினார். வீட்டுக்கு வரும் வழியில் பின் இருக்கையிலிருந்து மகள் ஏதோ ஆங்கிலத்தில் கேட்டாள், நானும் ஆங்கிலத்திலேயே பதில் சொல்லிக்கொண்டு வந்தேன். தங்கமணிதான் திரும்பிப் பார்த்து, "ஊரெல்லாம் வரிசையைத் திருத்தறீங்க, இதை எப்பத் திருத்தப் போறீங்க?" என்றாள்.

எங்கள் வீட்டுக்கும் ஒரு முன்னிருப்பு வந்துவிட்டது. யாரும் முடிவு செய்யவில்லை, நாங்கள் சொல்லாமல் விட்டதால் தானாக வந்தது. அன்று ராத்திரி மூவரும் உட்கார்ந்து ஒரு தாளில் எழுதினோம்: சாப்பாட்டு மேசையில் தமிழ். கையெழுத்து மூன்று. மகள் தன் பெயரைத் தமிழில் போட்டாள். தாள் குளிர்பதனப் பெட்டிக் கதவில் இருக்கிறது. முதல் மூன்று நாள் மேசையில் யாரும் அதிகம் பேசவில்லை :-) நாலாவது நாள் அவளே ஆரம்பித்தாள்: "அப்பா, அப்பாருன்னா யாரு?"

இந்தக் கதையை அவளுக்கும் சொன்னேன். அந்த டிரங்குப் பெட்டி இப்போது சித்தப்பா வீட்டுப் பரணில் இருக்கிறது. அடுத்த வருஷம் ஊருக்குப் போகும்போது அந்தத் தாளை எடுத்து வந்து அவளுக்குக் காட்ட வேண்டும்.